பெயரற்றோரின் சிலுவைப்பாதை

போர்க்காலச் சிறைமுகாம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, 1941-இல் ஆஷ்விட்ஸில் மற்றொரு கைதிக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே. அவரை உலகம் அறிந்ததற்கு, பிழைத்தவர் திரும்பி வந்து சாட்சி பகர்ந்ததும் ஒரு காரணம். 1982-இல் உரோமையில் கோல்பே புனிதராக உயர்த்தப்பட்டபோது அம்மனிதரும் அங்கே இருந்தார். ஆனால், திரும்பி வந்தோரிடம் சாட்சி கேட்க எவரும் முன்வராத முகாம்களும் உண்டு. அவை நம்மவர் மடிந்த முகாம்கள்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் இரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். இறந்தோர் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடே. அவர்களை எண்ணி வைத்தவர் இல்லை. இவர்களுள் பெருந்தொகையினர் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர். தஞ்சை, திருச்சி, நம் மங்களூரும் விருத்தாசலமும் அடங்கிய பழைய தென்னாற்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் கப்பலேற்றிய குடும்பங்களின் வழிவந்தோர்.

இப்பாதையை உலகறியச் செய்தது, டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்'. ஏழு ஆஸ்கார் விருதுகள் பெற்ற படம்; ஆங்கிலத் தளபதியாக அலெக் கின்னஸின் நடிப்பு மறக்க இயலாதது. ஆயினும் கதையின் முடிச்சைக் கவனியுங்கள். அதிகாரிகள் கூலிவேலை செய்யக் கூடாது என்பதற்காக அத்தளபதி தகிக்கும் தகரக் கூண்டில் வதைபடுகிறார். பார்ப்பவர் நெஞ்சம் பதறுகிறது. கூலிவேலைக்கென்றே பிறந்தவராகக் கருதப்பட்ட இலட்சக்கணக்கானோருக்கு அந்தப் படத்தில் இடமில்லை. மறுக்கும் உரிமை உள்ளவனின் துன்பமே நாடகமாகிறது. உரிமையே அற்றவனின் துன்பம் பின்னணியாகக்கூட வருவதில்லை. (படம் பிடிக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலையில். தோட்டத் தமிழர் வாழும் மலைகள் அங்கிருந்து தொலைவில் இல்லை!)

இதற்கு இயக்குநரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. வெள்ளைக் கைதிகளிடம் படையமைப்பு இருந்தது, மருத்துவர் இருந்தனர், ஒளித்து வைத்த பென்சிலும் காகிதமும் இருந்தன. அவர்களுடைய நாட்குறிப்புகளும் ஓவியங்களும் பின்னர் நூல்களாயின. தமிழர் குடிசைகளில் இவை எதுவுமில்லை. காலரா வந்தபோது புதைக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வைத்துப் படிக்க வேண்டும். அது வெளிவந்தது 1993-இல், பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. நுட்பம் தேடுவோர் அதில் குறை காணலாம். எனக்கு அது பொருட்டன்று. பின்னணியில்கூட நிற்காத மனிதன் அதில் நடுவில் நிற்கிறான்; தமிழில் பசிக்கிறது என்கிறான். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதே வழியில் வந்த மற்றொரு நாவல்.

இவற்றோடு எரிக் லோமாக்ஸின் தன்வரலாற்றையும் நாம் சேர்த்துப் படிக்கலாம். தம்மை வதைத்தபோது மொழிபெயர்ப்பாளராக உடனிருந்த நாகாசேயை அவர் 1993-இல் சந்தித்து, பின் மன்னித்தார். கிறிஸ்தவ உள்ளம் உருகும் பகுதி அது. அங்கே மன்னிப்புக் கேட்டவருக்கும் முகமுண்டு, அளித்தவருக்கும் பெயருண்டு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. பாதையோரக் காட்டில் புதையுண்ட தோட்டத் தமிழர் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வருபவர் எந்தப் பெயரைச் சொல்லி அழைப்பார்?