அறுபது விசையில் தமிழ்: ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு பற்றி ஒரு விமர்சனம்

ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டில் மொத்தம் 60 விசைகள்தான். எண் பலகை கிடையாது, எஃப்1 வரிசை கிடையாது, அம்புக்குறிகள் கிடையாது, கேப்ஸ் லாக்குக்குத் தனி விசையும் கிடையாது. விலை மட்டும் 300 டாலருக்கு மேல். "கம்மியா கொடுத்து ஜாஸ்தியா வாங்குறாங்களே" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான விமர்சனங்கள் இருக்கின்றன. சத்தம் எப்படி, விரலுக்குச் சுகமா, நிரல் எழுதத் தோதா என்றெல்லாம் அலசியிருக்கிறார்கள். எல்லாமே 26 எழுத்தை மனதில் வைத்து எழுதியவை. நமக்கு வேண்டிய கேள்வி வேறு: இதில் தமிழ் அடித்தால் கை எப்படி இருக்கும்? ஹைப்ரிட் டைப்-எஸ் மாடல் ஒன்றை நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். மூன்று வாரம், பெரும்பாலும் தமிழ்99 முறையில் அடித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் சின்ன வரலாறு. தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எய்ட்டி வாடாவின் யோசனையில் ஜப்பானின் பி.எஃப்.யு நிறுவனம் 1996-ல் இதைக் கொண்டுவந்தது. யூனிக்ஸ் நிரலாளருக்கு வேண்டாத விசையையெல்லாம் தூக்கிவிட்டு, வேண்டியதை விரலுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் எண்ணம். அதனால்தான் கேப்ஸ் லாக் இருக்கவேண்டிய இடத்தில் கன்ட்ரோல் இருக்கிறது, அழிக்கும் விசை என்டருக்கு நேர் மேலே இறங்கி வந்திருக்கிறது. 2003-ல் வந்த புரொஃபஷனல் மாடலிலிருந்து டோப்ரே விசைகள். அடியில் ரப்பர் குமிழும் கூம்பு வடிவ ஸ்பிரிங்கும் இருக்கும். உலோகம் உலோகத்தைத் தொடாது, மின்தேக்க அளவு மாறுவதை வைத்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும். இதை மெக்கானிக்கல் என்று சொல்லலாமா என்று தனிச் சண்டையே உண்டு. அது நமக்கு வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம்.

தமிழ்99-ல் உயிர் எழுத்தெல்லாம் இடது கையில், மெய்யில் பெரும்பகுதி வலது கையில். ஒரு கை மாற்றி ஒரு கை என்று போகும். 'குமாரபாளையம்' என்று அடிக்க 12 தட்டு. அதையே ஆங்கில உச்சரிப்பு முறையில் அடித்தால் 16 தட்டு, ளகரத்துக்கு ஒரு ஷிஃப்ட் தனி. 'நெசவாளி'க்கு ஏழே தட்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்திய இந்த அமைப்பை இன்னும் பல பேர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதைத் தனியாக ஒருநாள் புலம்புகிறேன்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் வலது சுண்டுவிரலின் பொறுப்பில் இருப்பது 'பி' என்ற ஒரே ஓர் எழுத்து. சுற்றியிருப்பதெல்லாம் நிறுத்தக்குறிகள். தமிழ்99-ல் அதே விரலுக்கு ஆறு எழுத்து. பி-யில் ண, அதற்கு அடுத்த இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள்குறியில் ய, சாய்கோட்டில் ழ. 'சந்தையில்' என்று அடிக்க எட்டுத் தட்டு, அதில் மூன்று சுண்டுவிரலுக்கு.

குட்டி கீபோர்டுகளை எடைபோடும்போது இதுதான் எனக்கு முதல் அளவுகோல். பிளாங்க் என்று 47 விசையில் ஒன்று உண்டு. அதன் வழக்கமான அமைப்பில் பி-க்கு அடுத்து நேராக அழிக்கும் விசை வந்துவிடும். சதுர அடைப்புக்குறிகள் வேறொரு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். ஆங்கிலக்காரருக்கு அதில் நஷ்டமில்லை. நமக்குச் சகரமே ஒளிந்துகொள்கிறது. 'செய்', 'சொல்', 'சில' எதற்கும் இரண்டு விரல் வேண்டும் என்றால் அந்த எளிமை யாருக்கு? 60 விசையோடு நிறுத்திக்கொண்ட ஹேப்பி ஹேக்கிங் இங்கே தப்பித்துவிடுகிறது. தமிழ்99-க்கு வேண்டிய எல்லா விசையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவது அளவுகோல் இரட்டிப்பு. தமிழில் க்க, த்த, ப்ப, ட்ட இல்லாமல் ஒரு வரி நகராது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதாவது ஒரே விரல் ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டிக்கொண்டே இருக்கும். விசை எவ்வளவு சீக்கிரம் மேலே எழுந்து வருகிறது என்பது ஆங்கிலத்தைவிட நமக்குப் பல மடங்கு முக்கியம். இந்த இடத்தில் டோப்ரே நிஜமாகவே அருமை. 45 கிராம் எடை, 3.8 மில்லிமீட்டர் ஆழம். குமிழ் உடையும் இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடும், விரலைத் திருப்பித் தள்ளுவதும் சுறுசுறுப்பு. 'பட்டுப்பாவாடைக்காக' என்று பத்து முறை அடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இந்த ஒரு விஷயத்துக்காக விலையில் பாதியை மன்னித்துவிட்டேன்.

அழிக்கும் விசை பக்கத்தில் இருப்பதும் நமக்கு லாபம். பெரும்பாலான மென்பொருள்களில் 'கொ'வை அழித்தால் முதலில் கொம்பும் காலும் போகும், க மிஞ்சும். ஆகவே பிழைக்கு ஏற்ப அழிக்கும் தட்டும் கூடும். என்டருக்கு மேலேயே அது இருந்தால் கை பெயர வேண்டியதில்லை.

கோளாறு அம்புக்குறியில். எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இவற்றைத் தட்டினால்தான் மேல், இடம், வலம், கீழ். நம் கணக்கில் சொன்னால் ச, ந, ய, ழ. எஃப்என் இருப்பது வலது ஷிஃப்டுக்கும் வலப்பக்கம், அதுவும் சுண்டுவிரல் எல்லைதான். ஏற்கெனவே ஆறு எழுத்தைச் சுமக்கிற விரலிடம் என்டரும் அழிப்பும் போக, திசைகாட்டும் வேலையையும் கொடுத்தாயிற்று. நேராக எழுதிக்கொண்டே போகிறவருக்கு இது உறைக்காது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு, கல்யாணப் பத்திரிகையில் ஐம்பது பெயரைத் திருத்துகிறவருக்கு உறைக்கும்.

எங்கள் ஊரில் டி.டி.பி வேலை செய்கிற ஓர் அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். டைப்ரைட்டிங் கிளாஸில் படித்துப் பரீட்சை எழுதியவர், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு அடிப்பவர். ஒரு பக்கம் அடித்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இதுல ஆரோ எங்கீங்க?" காட்டினேன். கொஞ்ச நேரம் திருத்திப் பார்த்துவிட்டு, "அடிக்கறதுக்குக் கை நல்லா போகுதுங்க. திருத்தறதுக்குத்தான் வம்பு" என்றார். விலையைச் சொன்னதும் கீபோர்டை இரண்டு கையாலும் எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டார். அவருக்கு விரல் வலி வந்தால் அன்றைய கூலி போச்சு. ஆங்கில விமர்சனங்களில் வரும் 'பழகிவிடும்' என்ற சமாதானத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டைப்-எஸ் மாடலின் பெருமைகளில் ஒன்று அமைதி. விசைத்தறி ஓடுகிற தெருவில் இருந்துகொண்டு இதற்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தறி நின்ற பிறகுதான் இது அமைதியான கீபோர்டு என்பதே எனக்குத் தெரிந்தது. பேட்டரி விஷயம் வேறு: இரண்டு டபுள்-ஏ போட்டால் வயரில்லாமல் ஓடும். சார்ஜ் ஏறாத பழைய ஏற்பாடுதான். ஆனால் தீர்ந்தால் மளிகைக் கடையில் கிடைக்கும், உள்ளே பேட்டரி உப்பிவிடுமோ என்ற கவலையில்லை.

விளையாட்டுக்கு? சுருக்கமாகச் சொன்னால், இதற்காக வாங்காதீர்கள். எஃப்என் வலது ஓரத்தில் மட்டும் இருப்பதால், எஃப்5 தட்டி ஆட்டத்தைச் சேமிக்கக்கூட மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டும். மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொண்டாலும் இது பந்தயக் குதிரையாகாது. வூட்டிங் 60ஹெச்இ போன்ற காந்த விசைப் பலகைகளில் எவ்வளவு ஆழத்தில் அழுத்தம் பதிய வேண்டும் என்பதை 0.1 மில்லிமீட்டர் வரை நாமே வைக்கலாம். அந்த வகைப் பலகைகளில் வந்த சில தானியங்கி வசதிகளை, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடை செய்தது. போட்டி அந்த அளவுக்குப் போய்விட்ட இடத்தில் டோப்ரேவுக்கு வேலையில்லை.

விசைகளில் எழுத்தே அச்சிடாத மாடல் ஒன்றும் விற்கிறார்கள். அதை வைத்திருப்பது ஒரு கெத்து. தமிழ்99 அடிப்பவருக்குச் சிரிப்புதான் வரும். நாம் அடிக்கிற எழுத்து எந்த விசையில் அச்சாகியிருந்தது, இத்தனை வருஷமாக?

அந்தச் சிரிப்பிலேயே ஒரு வழியும் இருக்கிறது. பி.எஃப்.யு ஜப்பானியருக்கென்று தனி அமைப்பு விற்கிறது. அதில் 69 விசைகள், தனி அம்புக்குறிகளோடு. சொந்த மொழிக்கு என்று வந்தபோது அவர்களே 60-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதன் மேல் அச்சாகியிருக்கும் ஜப்பானிய எழுத்து நமக்கு எந்த விதத்திலும் இடைஞ்சல் இல்லை. கணினியில் தமிழ்99 இருந்தால் பி-க்கு அடுத்த இரண்டு விசையில் ச, ஞ, எல்-லுக்கு அடுத்த இரண்டில் ந, ய என்று எல்லாம் வழக்கமான இடத்திலேயே விழும். ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், அழிக்கும் விசை பழையபடி மேல் வரிசைக்குப் போய்விடும். எழுத மட்டும் என்றால் 60 விசை மாடல். எழுதித் திருத்தவும் வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் இந்த 69 விசை மாடலைத் தேடுங்கள்.