கடுஞ்சூல்: நிறைமாதமும் தமிழ்க் கவிதையும்

தமிழ்க் கவிதையில் தாய்மை பேசப்பட்ட அளவிற்குச் சூல் பேசப்படவில்லை. புறநானூற்றின் 86ஆம் பாடலில் காவற்பெண்டு தம் வயிற்றைப் புலி கிடந்து நீங்கிய கல்முழைக்கு ஒப்பிடுகிறார். அங்கே காட்டப்படுவது ஏற்கெனவே வெறுமையான வயிறு. 312ஆம் பாடலில் பொன்முடியார் ஈன்று தருதலைத் தாயின் கடனாக வகுக்கிறார். ஈனுவதற்கு முந்திய மாதங்கள் அக்கடன் கணக்கில் இடம்பெறவில்லை. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழோ குழந்தையின் மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தோடு தொடங்குகிறது. பேற்றுக்கு முந்திய மாதங்களுக்கும் பிந்திய இரண்டு மாதங்களுக்கும் அவ்விலக்கிய வகையில் இடமில்லை. குழந்தையைக் கொண்டாடும் மரபு, அதைச் சுமந்தவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னரே வாய் திறக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் குறுந்தொகையின் 287ஆம் பாடல் தனித்து நிற்கிறது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பெண்பாற் புலவராகக் கொள்ளப்படுபவர். எட்டே அடிகள் கொண்ட பாடல் இது. தலைவன் பிரிவான் என்று கலங்கும் தலைவியிடம் தோழி கார்காலத்து வானத்தைக் காட்டி, இதனைக் கண்ட பின்னருமா அவர் நம்மைத் துறந்து செல்வார் என வினவுகிறாள். பொருள் இவ்வளவே. ஆயினும் அவ்வானத்தைக் காட்டத் தோழி கையாளும் உவமை, பாடலில் ஏறத்தாழ மூன்று அடிகளை எடுத்துக்கொள்கிறது. பல திங்கள் நிறைசுமை பொறுத்துத் தளர்ந்து, நடக்க இயலாமல், பச்சைப் புளியின்மேல் ஆசை கொண்ட முதற்சூல் மகளிரைப் போல, நீரை முகந்த மேகங்கள் வானில் ஏற மாட்டாமல் தம் சுமையைத் தாங்கியவாறு குன்றுகளை நோக்கிச் செல்கின்றன என்கிறாள்.

நம் பல்கலைக்கழக வகுப்புகளில் இப்பாடல் பெரும்பாலும் உவமையணிக்கு எடுத்துக்காட்டாகவே நடத்தப்படுகிறது. உவமை சூல்மகளிர், பொருள் மேகம், பொதுத்தன்மை சுமை என்று மாணவர் மூன்று கோடுகள் இழுத்துவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகின்றனர். உவமையின் திசையை எவரும் கேட்பதில்லை. மேகத்தைச் சூலுற்றதாகக் காண்பது சங்கப் பாடல்களில் பெருவழக்கு. திருமுருகாற்றுப்படையின் தொடக்கப் பகுதியிலேயே கமஞ்சூல் கொண்ட மழை வருகிறது. அங்கே சூல் என்பது ஒரே சொல்லில் முடிந்துபோகும் அடை. அதைப் படிப்பவர் எவருக்கும் ஒரு பெண்ணின் உருவம் மனத்தில் எழுவதில்லை. நன்னாகையார் அந்தத் தேய்ந்த அடையை எடுத்துப் பிரித்து, அதற்குள் இருந்த பெண்ணை வெளியே கொண்டுவருகிறார். அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவது உவமையின் இயல்பு. இப்பாடலில் அறிந்த பொருளாக வைக்கப்படுவது நிறைமாதம். விளக்கம் வேண்டி நிற்பது வானம். பேசுபவளும் பெண், கேட்பவளும் பெண். நிறைமாதத்துப் பெண் எப்படி நடப்பாள், எதற்கு ஏங்குவாள் என்பதை அவ்விருவரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையின்மேல்தான் பாடல் எழுப்பப்பட்டுள்ளது.

அந்த நடை குறித்துச் சற்று விரிவாக நோக்கலாம். பாடல் ஆளும் ஒதுங்கல் என்னும் சொல்லுக்கு நடத்தல் என்று பொருள். இன்றைய மருத்துவம் 28ஆம் வாரத்திலிருந்து கருக்காலத்தின் மூன்றாம் பகுதியைக் கணக்கிடுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் மூச்சு முட்டும். மல்லாந்து படுக்க இயலாது. உறக்கம் துண்டு துண்டாகும். இடுப்பு மூட்டுகள் தளர்ந்து நடை அகலும். முதற்சூலில் பிறப்பிற்குச் சில வாரங்கள் முன்னரே குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடுவது பெரும்பான்மை. அப்போது மூச்சு எளிதாகும், நடை கடினமாகும். அடுத்தடுத்த பேறுகளில் இவ்விறக்கம் பல வேளை வலி கண்ட பின்னரே நிகழ்கிறது. கடுஞ்சூல் என்பதற்கு முதற்சூல் என்று உரை கண்ட மரபை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது, நன்னாகையார் மூச்சைப் பற்றி ஒன்றும் கூறாது நடையை மட்டும் கூறியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. புலவரை மருத்துவராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அருகிருந்து பார்த்தவர் அல்லது தாமே சுமந்தவர் எழுதிய வரிகள் இவை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்புலவர்க்குச் சுமை தாங்கும் பொருள்கள்மேல் தனிக் கவனம் இருந்ததாகவே தெரிகிறது. குறுந்தொகை 172இல் துயருறும் தலைவியின் நெஞ்சுக்கு அவர் தரும் உவமை, ஏழு ஊர்களின் வேலைக்காக ஓர் ஊரில் கட்டப்பட்ட கொல்லன் உலைத்துருத்தி. ஓய்வின்றி மிதிக்கப்படும் தோல் அது. நெஞ்சைத் துருத்தியாகக் கண்ட அதே கண் மேகத்தைச் சூல்மகளாகக் கண்டிருக்கிறது. இரண்டிலும் அழகு முதன்மைபெறவில்லை. உழைப்பே முதன்மை பெறுகிறது.

உரையாசிரியர்களை இடறச் செய்த சொல் ஒன்று இப்பாடலில் உண்டு. சுமந்த காலத்தை நன்னாகையார் முந்நான்கு திங்கள் என்கிறார். தமிழ் எண்வழக்கின்படி அது பன்னிரண்டு. 280 நாள் கருக்காலத்தை இருபத்தெட்டு நாள் திங்களாக வகுத்தால் பத்து வரும். எந்த மாதக் கணக்கும் பன்னிரண்டை எட்டாது. மூன்றையும் நான்கையும் கூட்டி ஏழு என்று கொள்ள ஆசை எழலாம். வளைகாப்பு மாதத்தோடு பொருந்தியும் வரும். ஆயினும் ஈரைந்து, ஐயிரண்டு என்று பெருக்கிச் சொல்லும் வழக்கு அதற்கு இடம் தரவில்லை. பெரியாழ்வார் திருமொழியிலும் யசோதை பன்னிரு திங்கள் வயிற்றில் கொண்டதாகவே கூறுகிறாள். ஆகவே இது நன்னாகையாரின் தனிக் கணக்கன்று. பெண்கள் வாயில் வழங்கிய ஒரு கணக்கு. (கண்ணனைச் சுமந்தவள் தேவகி என்பதையும், யசோதை அதை அறியாள் என்பதையும் நினைக்கும்போது பெரியாழ்வாரின் பன்னிரு திங்களுக்கு ஓர் இரங்கத்தக்க சுவை கூடுகிறது.) நாள்காட்டியைக் கொண்டு இவ்வெண்ணைத் திருத்த முயல்வது வீண். கடைசி மாதங்களில் நாள் நகர்வதில்லை என்பதை அறிந்தவர்களின் எண் இது.

அடுத்தது புளி. மசக்கையின் புளிப்பாசை தொடக்க மாதங்களுக்கு உரியது, நிறைமாதத்தோடு அதனைச் சேர்த்தது பொருந்தாது என்று ஒருவர் வாதிடக்கூடும். நடைமுறை அப்படி இல்லை. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நிகழும் வளைகாப்பில் இன்றும் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் படைக்கப்படுகின்றன. அச்சடங்கின் உணவுமுறையே, ஆசை ஓய்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. ஐங்குறுநூறு 51இலும் தோழிதான் பேசுகிறாள்; தலைவியின் வயா நோயையும் புளியங்காய் வேட்கையையும் தலைவனின் மார்பையும் அருகருகே வைக்கிறாள். வயா என்பதற்குத் தொல்காப்பியர் உரியியலில் தரும் பொருள் வேட்கையின் மிகுதி. சூலுற்றவளின் ஆசைக்கென்றே தனிச்சொல் வைத்திருந்த மொழி நம்முடையது என்று பெருமைப்படலாம். அச்சொல்லைக் கவிதை என்ன செய்தது என்பது வேறு கேள்வி.

புறநானூறு 20இல் குறுங்கோழியூர் கிழார் சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகிறார். வயவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களேயன்றிப் பகைவர் எவரும் உண்ண முடியாத மண் உன் மண் என்பது புகழ்ச்சி. நாடு காக்கப்பட்டிருப்பதைக் கூற இதைவிட நுட்பமான வழி இல்லை. நானும் இவ்விடத்தில் மயங்கியே படித்திருக்கிறேன். ஆனால் மண்ணை வாயிலிட்டவள் இங்கே மறைந்துவிடுகிறாள். காளிதாசரின் இரகுவம்சம் மூன்றாம் சருக்கத்தில் அரசி சுதட்சிணை மண் உண்கிறாள். பிறக்கப்போகும் மகன் மண்ணாள்வான் என்பதற்கு அது முன்குறியாகிறது. ஒருத்தியின் நாவில் தோன்றிய வேட்கையைத் தமிழ்ப் புலவர் மன்னனின் காவலாக மாற்றினார், வடமொழிப் புலவர் மகனின் ஆட்சியாக மாற்றினார். மண்ணுண்ணும் வேட்கையை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புபடுத்தும் இன்றைய மருத்துவம் குறைந்த அளவு அவளுடைய குருதியையாவது நினைக்கிறது. இவ்வாசையைப் பற்றிய மிகக் கொடிய பயன்பாடு உத்தரகாண்டத்தில் உள்ளது. சூலுற்ற சீதை தவவனங்களைக் காண விரும்புகிறாள். அவ்விருப்பமே அவளைக் காட்டில் விட்டுவர வாய்ப்பாகிறது. இவற்றோடு வைத்து நோக்கும்போதுதான் குறுந்தொகைப் பாடலின் பச்சைப் புளிக்கு மதிப்புக் கூடுகிறது. அது எதற்கும் குறியீடாகவில்லை, புளியாகவே இருக்கிறது.

பக்தி இலக்கியத்தில் கரு பேசத் தொடங்குகிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் தாய் வயிற்றில் திங்கள்தோறும் உயிர் தப்பிவந்த இடர்களை வரிசைப்படுத்துகிறார். ஏழாம் திங்கள், எட்டாம் திங்கள், ஒன்பதாம் திங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு துன்பம் உண்டு. நம் மொழியில் கருக்காலத்தின் கடைசிப் பகுதியை மாதவாரியாகப் பிரித்துச் சொன்ன பழைய இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் துன்புறுவது யார்? ஒன்பது திங்கள்வரை தாய் ஓர் இடம் மட்டுமே. உயிர் தங்கித் தப்பிக்கும் உதரம். பத்தாம் திங்களில்தான் தாயோடு சேர்ந்து படும் துயர் என்று அவள் துணையாக உள்ளே வருகிறாள். இதைக் குறையாகச் சொல்ல நான் துணியவில்லை, ஏனெனில் பிறவியின் துன்பத்தைப் பாடும் அகவலுக்கு அந்தப் பார்வையே இயல்பு. ஆயினும் அந்த ஒரு சொல், தாயொடு என்பது, பத்தாம் திங்களில் வந்து விழும்போது பெரும் பாரத்தோடு விழுகிறது. பட்டினத்தார் பெயரில் வழங்கும் தாயின் ஈமப் பாடல்களில் பத்துத் திங்கள் உடலெல்லாம் நொந்த தாய் நினைக்கப்படுகிறாள். நினைப்பவன் மகன், நேரம் கொள்ளி வைக்கும் நேரம். சுமந்தவளின் வலி அவள் கேட்க முடியாத வேளையில் நன்றிக்கடனாகச் சொல்லப்படுகிறது. உள்ளத்தை உருக்கும் இப்பாடல்களை நம் இறப்பு வீடுகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நன்னாகையாரின் தோழி நினைவுக்கு வருகிறாள். அவள் உயிருள்ள ஒருத்தியிடம் பேசினாள்.

மலேசியச் சூழலில் இப்பாடலைக் கற்பிக்கும்போது இன்னொன்றும் உடன் எழுகிறது. தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். வளைகாப்பு முடிந்து அழைத்துச் செல்வார்கள். கங்காணி முறையில் கடல் கடந்து இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த பெண்களுள் பலருக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. விடியுமுன் எழுந்து, மரத்தின் தாழ்ந்த வெட்டுப்பட்டைக்குக் குனிந்து சீவி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால்வாளி சுமந்து நடக்க வேண்டிய தொழில் அது. தம் வயிற்றுச் சுமையின்மேல் தோட்டத்தின் சுமையையும் ஏற்றிக்கொண்டவர்களின் பேத்திகள் இன்று என் வகுப்பில் அமர்ந்து, நடக்க இயலாமை என்பதைப் பொதுத்தன்மை என எழுதுகிறார்கள்.

சட்டமும் இந்த மாதங்களைத் தயக்கத்தோடுதான் ஏற்றிருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் மகப்பேற்று விடுப்பை வகுத்தது. அவ்விடுப்பு பேற்றுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகத் தொடங்கலாகாது என்றும் விதித்தது. 2022இல் இயற்றப்பட்ட திருத்தம் 2023 சனவரி முதல் விடுப்பை 98 நாளாக உயர்த்தியது. விடுப்பை முன்னரே எடுத்தால் குழந்தையோடு இருக்கும் நாள் குறையும் என்பதால் வலி காணும்வரை பணிக்குச் செல்வோர் பலர். பிள்ளைத்தமிழ் மூன்றாம் திங்களில் தொடங்குவதற்கும் இதற்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பிறந்த குழந்தையைக் கணக்கிலெடுத்துச் சுமப்பவளைக் கணக்கில் விடும் பழக்கம் இரண்டிலும் உண்டு.

அண்மைக்காலக் கவிதையில் சூலுற்ற உடல் தன்மையில் பேசும் இடங்கள் உண்டா எனத் தேடுவோர் பெரும்பாலும் சல்மாவிடம் வந்து சேர்வர். 2000இல் வெளிவந்த ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பிலுள்ள ‘இரண்டாம் ஜாமத்துக் கதை’ பேற்றுக்குப் பிந்திய இரவுகளைப் பேசுகிறது. வயிற்றில் தங்கிவிட்ட கோடுகளைக் கணவன் வெறுப்பதையும், அவை அழியாதவை என்பதையும் பெண்ணே சொல்கிறாள். அக்கோடுகள் பெரும்பாலும் கடைசி மாதங்களில் தோல் விரிந்து உண்டாகுபவை. நிறைமாதம் இங்கே நேரடியாகப் பேசப்படவில்லை. அது விட்டுச்சென்ற தடமே பேசப்படுகிறது. கவிதையின் வலிமையைக் கோபத்தில் மட்டும் காண்போருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோடுகளைத் தன் உடலின் உண்மையாக ஏற்று எண்ணிப் பார்க்கும் நிதானம்தான் அதன் வலிமை.

நன்னாகையாரிடமும் இதே நிதானம் உண்டு. அவர் தாய்மையைப் புகழவில்லை, இரங்கவும் இல்லை. உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இப்பாடலைப் படித்துவரும் நாம், மேகம் குன்றை நோக்கிச் செல்லும் இடத்தில் தலைவன் திரும்புவதன் குறிப்பைத் தேடுகிறோம். அது முறையான தேட்டமே. ஆனால் ஏற இயலாத மேகத்துக்குச் சுமையை இறக்கிவைக்க ஒரு குன்று இருக்கிறது. உவமையில் வரும் பெண்ணுக்கு அத்தகைய குன்று எது என்பதைப் பாடல் சொல்லவில்லை.