மாமியார் இன்னும் இருக்கிறார்

போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து பி. ரம்லியின் 'இபு மெர்துவாக்கு' (1962) பார்த்தேன். சின்ன வயதில் முள்கரண்டிக் காட்சிதான் பயமுறுத்தியது. இப்போது மாக் டாரா நடித்த மாமியார். மருமகன் காசிம் வெறும் சாக்ஸபோன் கலைஞன் என்பதால், உயிரோடிருக்கும் மகள் சபரியா பிரசவத்தில் செத்துவிட்டதாக அவனிடம் சொல்லிவிடுகிறார். பார்வை இழந்த அவனுக்குக் கண் சிகிச்சை செய்த டாக்டர்தான் சபரியாவின் இரண்டாவது கணவர். அது தெரிந்ததும் அவன் தன் கண்களையே குத்திக்கொள்வது எனக்கு மிகையாகப் படவில்லை. குறை வேறு: படம் காசிமின் வலியோடுதான் போகிறது, சபரியாவின் வலி ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், நல்ல பையன். ஆனா பாட்டுக்காரனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா?"

எஞ்சினியரான நான் ஒன்றும் சொல்லவில்லை.