இன்று எந்தச் சேனல்?

2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆரன் ஜட்ஜ் அந்த சீசனில் அதுவரை 60 ஹோம் ரன் அடித்திருந்தார். இன்னும் ஒன்று அடித்தால் 1961இல் ரோஜர் மாரிஸ் எட்டிய எண்ணைத் தொட்டுவிடுவார். சொந்த ஊர் மைதானம், எதிரே பரம வைரியான பாஸ்டன். ஊரே டிவி முன் உட்கார வேண்டிய இரவு. ஆனால் ஏப்ரல் முதல் ஜட்ஜின் அடிகளை வர்ணித்துவந்த மைக்கேல் கே அன்று மைக் முன் இல்லை. யாங்கீஸின் சொந்தச் சேனலான யெஸ் நெட்வொர்க்கில் ஆட்டமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆப்பிள் டிவி பிளஸுக்குப் போயிருந்தது. ஆட்டத்தை யெஸ் சேனலிலும் காட்டச் சொல்லி நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. இத்தனைக்கும் அன்றைய ஆட்டத்தை ஆப்பிளில் காசு கட்டாமலே பார்க்க முடிந்தது. அப்படியும் ரசிகர்களின் கோபம் தணியவில்லை.

ஜட்ஜ் அன்று ஹோம் ரன் அடிக்கவில்லை என்பது வேறு விஷயம். 61ஆவது, ஐந்து நாள் கழித்து டொராண்டோவில் வந்தது. இலவசமாகக் கிடைத்தும் ஏன் கோபம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓர் அணியின் ஆட்டங்களைப் பல சேனல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தில் எது சரி, எது தவறு என்று பிரித்துப் பார்க்க அந்தக் கோபமே நல்ல தொடக்கம்.

ஆப்பிளுக்குப் போனது பேஸ்பால் லீக் செய்த தேசிய ஒப்பந்தத்தின் கணக்கு. உள்ளூர்ப் பங்கீடு தனி. அதே 2022இல்தான் உள்ளூர்ப் பங்கீட்டிலும் யாங்கீஸ் கைவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை யெஸ் சேனலில் வராத ஒரு பங்கு ஆட்டங்கள், ஆன்டெனா வைத்திருக்கும் எவரும் பார்க்கக்கூடிய 11ஆம் சேனலான டபிள்யூ.பி.ஐ.எக்ஸில் வந்தன. 2022 முதல் அந்த இடத்தில் 21 ஆட்டங்கள் அமேசான் பிரைமுக்குப் போயின. வீட்டில் இருக்கும் ரசிகருக்கு எது தேசிய ஒப்பந்தம், எது உள்ளூர் ஒப்பந்தம் என்ற கவலை கிடையாது. ஏழு மணிக்கு ரிமோட்டை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: இன்று எந்தச் சேனல்?

இந்த இரட்டை ஏற்பாடு எல்லா லீகிலும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். தன் ஆட்டங்களை மொத்தமாகச் சேர்த்துத் தேசிய சேனல்களுக்கு விற்கிறது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது பழகிய முறை. சேப்பாக்கம் ஆட்டத்தைச் சென்னை அணி தனியாக விற்பதில்லை. அமெரிக்காவில் இப்படிக் கூட்டாக விற்பதற்கு 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் வழிவிட்டது. பேஸ்பால் அணிகளோ தங்கள் ஆட்டங்களில் பெரும்பகுதியைத் தாங்களே வைத்துக்கொண்டன. எண்ணிக்கையே அதற்குப் பாதிக் காரணம். 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், ஒரு சீசனுக்கு 2,430 ஆட்டங்கள். பல இரவுகளில் 15 மைதானங்களில் ஒரே நேரத்தில் விளக்கு எரியும். எந்தத் தேசிய சேனலும் இத்தனையைத் தாங்காது. பேஸ்பால் உள்ளூர் ஆட்டமாகவே இருந்துவருவதற்கு டிவி ஒப்பந்தங்களைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம்.

உள்ளூரிலும் ஒரே சேனலால் அத்தனையையும் காட்ட முடிந்ததில்லை. சிகாகோவின் 9ஆம் சேனலான டபிள்யூ.ஜி.என். கப்ஸ் அணியின் ஆட்டங்களை 1948 முதல் காட்டிவந்தது. கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரை விளக்குகளே கிடையாது. சொந்த ஊர் ஆட்டமெல்லாம் பகலில்தான். பள்ளி விட்டு ஓடிவந்து பையைக் கழற்றி எறிந்தால், டிவியில் ஏழாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் எதற்கும் சந்தா கட்டவில்லை. சிகாகோவில் இரண்டு மூன்று தலைமுறை இப்படித்தான் கப்ஸ் ரசிகர்கள் ஆனது. ஆட்டத்தைப் பார்ப்பதென்று முடிவெடுத்து உட்கார்ந்தவர்கள் அல்லர் அந்தப் பிள்ளைகள். டிவி ஓடியது, ஆட்டம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு விளையாட்டு தனக்குப் புது ரசிகரைத் தேடிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு டபிள்யூ.ஜி.என். ஒரு தேசிய நெட்வொர்க்கோடு இணைந்தது. மாலை நேரத்தில் நெட்வொர்க்கின் தொடர்களைக் காட்ட வேண்டிய கடமை வந்தது. எத்தனை இரவுகள் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்டம் காட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பும் வந்தது. மிஞ்சிய ஆட்டங்கள் கேபிளுக்கும், ஊரில் இருந்த இன்னொரு சிறு சேனலுக்கும் போயின. பங்கீடு என்பது யாரோ ஒருவர் பேராசையால் கண்டுபிடித்தது அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இலவசச் சேனலுக்கு மாலை நேரம் போதவில்லை, கேபிளில் வரும் வட்டார விளையாட்டுச் சேனலுக்கோ கோடை இரவுகளை நிரப்ப ஆட்டம் வேண்டியிருந்தது. இரண்டு தேவையும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

அந்தச் சந்திப்பு நன்றாக அமைந்த இடமும் உண்டு. நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸின் ஆட்டங்களைப் பெரும்பாலும் 2006இல் தொடங்கிய எஸ்.என்.ஒய். என்ற கேபிள் சேனல் காட்டுகிறது. சீசனுக்கு 25 ஆட்டங்கள் அளவில் 11ஆம் சேனலில் வரும். ஆனால் அவற்றையும் தயாரிப்பது எஸ்.என்.ஒய்.தான். கேரி கோஹன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூவரும் 2006 முதல் சேர்ந்து வர்ணித்துவருகிறார்கள். எந்தச் சேனலில் வந்தாலும் குரல் மாறாது. நேற்றைய ஆட்டத்தில் விட்ட பேச்சை இன்று அதே இடத்திலிருந்து தொடர்வார்கள். கேபிள் இல்லாத வீட்டுக்கும் மாதத்தில் சில நாள் அந்தக் கூட்டாளிகள் வந்துபோகிறார்கள். கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலிலும் பந்துக்கும் பந்துக்கும் நடுவே நிறைய நேரம் கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புபவர் ஆறு மாதம் கூடவே இருக்கும் ஆளாக இருக்க வேண்டும். 2022இன் அந்த இரவில் யாங்கீஸ் ரசிகர் இழந்தது அதைத்தான். சேனல் மாறியதை அவர் பொறுத்திருப்பார். ஆள் மாறியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எனவே பங்கிடுவதையே குற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் குறை, பங்கில் இலவசப் பகுதி சத்தமில்லாமல் கரைந்துபோனது பற்றியது. கப்ஸையே மறுபடி பாருங்கள். 2015 முதல் 2019 வரை 9ஆம் சேனலில் 45, 7ஆம் சேனலில் 25, மீதி கேபிளில் என்று பிரித்தார்கள். தேதி பார்த்துச் சேனல் தேடுவது தொல்லைதான். ஆனாலும் 162இல் 70 ஆட்டங்கள் ஆன்டெனாவுக்குக் கிடைத்தன. 2016இல் 108 ஆண்டுக்குப் பிறகு கப்ஸ் கோப்பை வென்றதும் இந்த ஏற்பாட்டின் காலத்தில்தான். 2020இல் அணி மார்க்கீ என்ற சொந்தச் சேனலைத் தொடங்கி உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் அங்கே கொண்டுபோனது. அதோடு குழப்பம் தீர்ந்தது. 70 என்பது பூஜ்யமும் ஆனது.

அணிகள் ஏன் இப்படிச் செய்தன என்பதற்குப் பணம் என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதாது, அந்தப் பணம் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். இலவசச் சேனலுக்கு முக்கிய வருமானம் விளம்பரம். வட்டார விளையாட்டுச் சேனலுக்கோ அது அடங்கிய கேபிள் தொகுப்பை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இவ்வளவு என்று கேபிள் நிறுவனம் கட்டணம் கொடுத்தது. ஆட்டமே பார்க்காத பாட்டியின் கேபிள் பில்லிலும் அது சேர்ந்தே வந்தது. யெஸ் நெட்வொர்க் 2002இல் தொடங்கியபோது கேபிள்விஷன் நிறுவனம் இந்தக் கட்டணத்தைப் பற்றித் தகராறு செய்ததால், நியூயார்க் வட்டாரத்தில் சுமார் 30 லட்சம் வீடுகள் ஒரு முழு சீசனை இழந்தன. தகராறு முடிந்ததும் மற்ற அணிகள் கவனித்தது அந்த இழப்பை அல்ல, யாங்கீஸின் வரவைத்தான்.

அந்தப் பணத்தால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆட்டக்காரர்களின் சம்பளம் அதிலிருந்துதான் உயர்ந்தது. உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் சேர்த்து எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. பிட்ஸ்பர்க், மில்வாக்கி போன்ற சிறிய ஊர் அணிகளுக்கு அது பெரிய தாங்கல். 162 ஆட்டத்தையும் ஒன்று விடாமல் பார்க்க முடிந்ததே வட்டாரச் சேனல்கள் வந்த பிறகுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டபிள்யூ.ஜி.என்.னின் பொற்காலத்தைச் சொல்லி ஏங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் விலை எங்கே போய் நின்றது என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. டாட்ஜர்ஸ் அணி டைம் வார்னர் கேபிளோடு 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2014இல் ஸ்போர்ட்ஸ்நெட் எல்.ஏ. என்ற சேனலைத் தொடங்கியது. இதோடு இலவசச் சேனலின் பங்கும் முடிந்தது. கேட்ட கட்டணத்தை மற்ற நிறுவனங்கள் தர மறுத்தன. நகரத்தின் பெரும்பான்மையான வீடுகளில் டாட்ஜர்ஸ் தெரியவில்லை. ஒரு சீசனோ இரண்டு சீசனோ அல்ல. 2020 ஏப்ரலில் பெரிய உடன்பாடு வரும்வரை ஆறு சீசன். அது வந்தபோது கொரோனாவால் மைதானங்களே பூட்டிக் கிடந்தன.

அந்த ஆறில் முதல் மூன்று சீசன்கள் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் கடைசி மூன்று சீசன்கள். 1950இல் புரூக்ளினில் டாட்ஜர்ஸுக்காகப் பேசத் தொடங்கியவர் அவர். 1958இல் அணியோடு லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். அன்றைய முதலாளி வால்டர் ஓமாலி சொந்த ஊர் ஆட்டங்களை டிவியில் காட்ட விடமாட்டார். மைதானத்துக்கு வந்தவர்களும் கையில் டிரான்சிஸ்டரோடுதான் வந்தார்கள். எதிரே கண்ணால் பார்ப்பதையே ஸ்கல்லி சொல்லிக் கேட்க வேண்டும் அவர்களுக்கு. 1960இல் ஒரு நாள், அம்பயர் ஃபிராங்க் செகோரிக்கு இன்று பிறந்தநாள், மூன்று எண்ணியதும் எல்லாரும் சேர்ந்து வாழ்த்துங்கள் என்று வானொலியில் சொன்னார். மூன்று எண்ணினார். மைதானமே ஒரே குரலில் கத்தியது; அம்பயர் திகைத்துப் போனார். அத்தனை டிரான்சிஸ்டர்கள். ஓர் ஊரை அப்படிக் கட்டிவைத்திருந்த குரலை, அவர் விடைபெறும் காலத்தில், அதே ஊரின் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அடைத்துவைத்தார்கள். வானொலியில் முதல் மூன்று இன்னிங்ஸ் மட்டும் அவர் குரல் கேட்கும். 2016இல் அவர் வர்ணித்த கடைசி ஆறு ஆட்டங்களை 5ஆம் சேனலான கே.டி.எல்.ஏ. இலவசமாகச் சேர்த்துக் காட்டியது. அந்த ஆறு கிடைத்ததற்கு நகரம் நன்றி சொன்னது. அந்த நன்றியை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஐயோவா மாநிலத்தின் நிலை இன்னும் விசித்திரம். அங்கே மேஜர் லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், புரூவர்ஸ், ட்வின்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ் ஆகிய ஆறு அணிகளும் அதைத் தங்கள் எல்லை என்று உரிமை கொண்டாடின. லீகின் இணையச் சந்தாவைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அந்த ஆறு அணிகளின் ஆட்டம் தெரியாது. உள்ளூர்ச் சேனலைப் பாதுகாக்க வந்த விதி, உள்ளூர்ச் சேனல் கிடைக்காத ஊரிலும் அப்படியே நின்றது. இதற்கு என்னால் எந்த நியாயமும் கற்பிக்க முடியவில்லை.

ஆட்டம் பார்க்காதவர் பணத்தில் நின்ற கட்டடம், அவர்கள் கேபிளை வெட்டத் தொடங்கியதும் சரிந்தது. 2019இல் 21 வட்டாரச் சேனல்களைச் சுமார் 960 கோடி டாலருக்கு சின்க்ளேர் என்ற நிறுவனம் வாங்கியது. அவற்றை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது 30 அணிகளில் 14 அணிகளின் ஒளிபரப்பு அதன் கையில் இருந்தது. மே மாதக் கடைசியில் சான் டியாகோ பாட்ரெஸ் அணிக்குத் தர வேண்டிய தவணையை அது நிறுத்த, ஒளிபரப்பை லீகே ஏற்றது. அந்த மாற்றத்தால் பாட்ரெஸ் ஆட்டம் எட்டக்கூடிய வீடுகள் சுமார் 11 லட்சத்திலிருந்து 32 லட்சத்துக்கு மேல் ஆயின என்று லீக் சொன்னது. அதாவது அதுவரை அந்த வட்டாரத்தில் மூன்றில் இரண்டு வீடுகளுக்கு அணியே கண்ணில் பட வழியில்லை.

அதன் பிறகுதான் அணிகளுக்கு ஆன்டெனா மறுபடி நினைவுக்கு வந்தது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2025இல் சொந்தச் சேனல் தொடங்கியபோது 15 வெள்ளிக்கிழமை ஆட்டங்களை இலவச டிவிக்கும் கொடுத்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் கிழமை நிலையானது. அங்கொன்றும் இங்கொன்றுமாக 25 ஆட்டங்களைச் சிதறவிடுவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். வெள்ளி என்றால் ஆட்டம் உண்டு என்பது ஒரு வீட்டுக்குப் பழகிவிட்டால், பட்டியலைத் தேடும் வேலையே இல்லை. வானொலி இந்தப் பாடத்தை மறந்ததே இல்லை. இன்றும் பெரும்பாலான அணிகளுக்கு ஊரில் ஒரே நிலையம்தான். சீசன் முழுதும் அங்கேயே, இலவசமாக.

லீகின் தேசிய ஒப்பந்தங்கள் 2028 சீசனோடு முடிகின்றன. உள்ளூர் உரிமைகளையும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்க வேண்டும் என்பது கமிஷனர் ராப் மேன்ஃப்ரெடின் விருப்பம். பெரிய அணிகள் இணங்குமா என்பது தனிச் சண்டை. எப்படி விற்றாலும் இரண்டு நிபந்தனைகளை ஏலத்துக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும் என்பேன். அணிக்கு வாரத்தில் ஒரு நாள், எல்லாருக்கும் தெரிந்த கிழமையில், அந்த ஊர் ஆன்டெனாவில் ஆட்டம் வர வேண்டும். அன்று மைக் முன் அந்த ஊர் வர்ணனையாளரே உட்கார வேண்டும்.