தாதா, பாய், அண்ணன்: நிழலுலகப் படங்களில் விளிச்சொற்கள்

குற்றக்கும்பல்களைப் பற்றிய திரைப்படங்களில் எம்மொழியார், எச்சமயத்தார் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்னும் வினா பெரும்பாலும் கதைமாந்தரை எண்ணிப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அக்கணக்கு வேண்டுவதே. ஆயினும் அதில் அகப்படாத ஒரு கூறு விளிச்சொற்களில் தங்கியுள்ளது.

மராத்தியில் 'தாதா' தமையனைக் குறிக்கும். பம்பாய் வழியே தமிழுக்கு வந்தபோது உறவுப்பொருள் உதிர்ந்து, அடியாட்களின் தலைவன் என்னும் பொருளே நின்றது. இதனால் தீங்கில்லை. 'பாய்' என்பதன் நிலை வேறு. பம்பாய் இந்தியில் அது சமயம் கருதாது கும்பல் தலைவனைச் சுட்டும். ராம் கோபால் வர்மாவின் 'சத்யா' (1998) படைத்த பீக்கு மாத்ரே ஒரு மராத்தி இந்து. தமிழ்நாட்டிலோ 'பாய்' முஸ்லிம் ஆடவரை மதிப்புடன் விளிக்கும் அன்றாடச் சொல். எனவே இந்திப் படத்தின் 'பாய்' தமிழ் உரையாடலில் அப்படியே எழுதப்படின், மூலத்தில் இல்லாத சமய அடையாளம் குற்றவாளியின்மேல் ஏறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் தீய நோக்கமின்றிச் செய்யும் செயல்தான். பழி விழுவது ஒரு சமூகத்தின்மீது. 'பாட்ஷா' (1995) படத்தை இதனோடு சேர்த்தல் பொருந்தாது. கொலையுண்ட நண்பன் அன்வர் பாட்ஷாவின் பெயரை மாணிக்கம் ஏற்பது கதையாசிரியர் அறிந்தே வைத்த குறிப்பு.

'நாயகன்' (1987) இந்தியில் 'தயாவான்' (1988) ஆயிற்று. தமிழில் தலைப்புக்கும் வேலு நாயக்கர் என்னும் பெயருக்கும் இடையே ஓர் ஒலியொப்புமை உண்டு. சாதிப்பெயர் தலைமைப்பெயராக நழுவும் இடம் அது. இந்தியில் சாதி மறைந்து, அருளாளன் என்னும் பண்பு மட்டும் எஞ்சியது. நாயகனுக்குச் சக்திவேலு எனத் தமிழ்ப்பெயர் உண்டெனினும் அவன் பேசுவது இந்தியே. தமிழனாக இருப்பதன் மொழித்துயர் அங்கே கதைக்கு வெளியே போய்விட்டது.

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) இவ்வகையில் கூர்மையானது. தாராவியில் குடியேறிய தமிழர் தலைவன் 'சேட்' என்று அழைக்கப்படுகிறான். தமிழ்நாட்டார் தம் ஊரில் கடை வைத்த வடநாட்டாரைச் சுட்டும் அதே சொல்! குடியேறியவன் யார் என்பது நிற்கும் ஊரைப் பொறுத்தது என்பதை ஒரு விளிச்சொல் உணர்த்திவிடுகிறது. இதற்கு உரை எழுதினால் கெடும்.

பெங்களூரைக் களமாகக் கொண்ட மலையாளப் படம் 'ஆவேசம்' (2024) மொழிபெயர்ப்பாளருக்கு அரிய சிக்கலைத் தருகிறது. கேரளத்திலிருந்து படிக்க வந்த மாணவர்கள் உள்ளூர்க் கும்பல் தலைவனை 'ரங்கண்ணன்' என்கின்றனர். அவனுடைய பேச்சோ கன்னடம் கலந்த மலையாளம். தென்கேரளத்தில் 'அண்ணன்' வழக்கு உண்டெனினும், பொதுவான 'சேட்டன்' இருக்க 'அண்ணன்' வருவது பெங்களூர்த் தெருவின் முத்திரையாகவே ஒலிக்கிறது. தமிழாக்கத்தில் இம்முத்திரை தானே அழிந்துபோகும்; தமிழனுக்கு 'அண்ணன்' வீட்டுச்சொல்.

பெங்களூர் - ஒசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்திலுள்ள சந்தாபுராவில் இச்சிக்கல் திரைக்கு வெளியேயும் உள்ளது. அங்குக் கடைக்காரரை 'அண்ணா' என விளிப்பவர் கன்னடரா, தமிழரா, தெலுங்கரா என்பதை அச்சொல்லைக்கொண்டு மட்டும் துணிய இயலாது. அத்தகைய ஊரிலுள்ள பார்வையாளர் ரங்கனின் கலப்புப் பேச்சைத் துணையுரையின்றியே பிரித்துணர்வார். அனைத்தையும் ஒரே தரத் தமிழில் தரும் துணையுரை அவருக்குத் தடையாகவே அமையும். கன்னடத் தொடர்களைக் கன்னடமாகவே விட்டு, 'சேட்டன்' வரும் இடங்களிலும் அதனை மாற்றாது நிறுத்தினால், 'ரங்கண்ணன்' தன் வேற்றுமையை ஓரளவேனும் காட்டக்கூடும்.