கடைசி முனையில் ஒரு குறுக்குவழி

வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர் ஸ்பிளைசிங் மெஷினோடுதான் வருவார் என்றில்லை. பல நேரம் பையில் இழையை வெட்டும் ஒரு கிளீவர், ஒரு பவர் மீட்டர், கொஞ்சம் ஃபாஸ்ட் கனெக்டர்கள், அவ்வளவுதான். கேபிளை உரித்து, இழையைத் துடைத்து, வெட்டிச் செருகிப் பூட்டினால் வேலை முடிந்தது. மின்சாரம் வேண்டாம், ஏணியில் நின்றபடியே செய்யலாம். இந்த வசதியை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை.

உள்ளே நடப்பதுதான் வேறு. ஸ்பிளைசிங் மெஷின் இரண்டு இழைகளையும் மின்பொறியில் உருக்கி ஒன்றாக்குகிறது. நன்றாக அமைந்தால் இழப்பு 0.05 டெசிபலுக்குள் அடங்கும். ஃபாஸ்ட் கனெக்டரின் பெரும்பாலான வகைகளில், ஆலையிலேயே பாலிஷ் செய்து பதித்த ஒரு சிறு இழைத்துண்டின் மீது நாம் வெட்டிய முனை முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஜெல். ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். வெட்டு சற்றே சாய்ந்தாலும், விரலின் எண்ணெய் ஒட்டினாலும் ஒளி சிதறும்.

கணக்குப் பார்க்கிறவர்கள், "போனால் அரை டெசிபல்தானே" என்பார்கள். உண்மைதான். வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுவரும் ஜிபான் வலையமைப்பின் பி பிளஸ் வகையில் 28 டெசிபல் வரை இழக்க இடமுண்டு. 64 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டும் அதில் 20-க்கு மேல் தின்றுவிட்டாலும் மிச்சம் போதும். என் குறை இழப்பின் அளவைப் பற்றியதல்ல, அது நிலையாக நில்லாததைப் பற்றியது. பொருத்திய அன்று பவர் மீட்டர் மைனஸ் 20 டிபிஎம் என நல்ல அளவே காட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒளி எவ்வளவு திரும்பி எதிரொளிக்கிறது என்பதை அந்த மீட்டர் சொல்லாது. கேபிள் இழுபட்டு, பிடி தளர்ந்து, மோடத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கும்போது இன்னொருவர் வருவார். அவரும் பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு அதே வகையில் புதிதாய் ஒன்றைப் போடுவார். இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் மறுவருகையின் செலவு முதலில் வந்தவர் தலையில் விழுவதில்லை.

ஸ்பிளைசிங்கும் குறையற்றதல்ல. திரையில் தெரியும் இழப்பு கேமராப் படத்தை வைத்து மெஷின் போடும் மதிப்பீடுதான். அளந்து சொல்ல, இழைக்குள் ஒளித்துடிப்பு அனுப்பிப் பார்க்கும் ஓ.டி.டி.ஆர். கருவி வேண்டும். இருந்தாலும் ஆலையிலேயே கனெக்டர் பொருத்திய இழைத்துண்டான பிக்டெயிலை வீட்டு முனையில் உருக்கி ஒட்டுவதே வழக்கமாக வேண்டும் என்பேன். புயலில் அறுந்த கேபிளுக்கு அன்றிரவே உயிர் கொடுக்க ஃபாஸ்ட் கனெக்டர் நல்ல துணை. மழை விட்டபின் திரும்பி வந்து அதை மாற்றுகிறவர்கள்தான் அரிது.