உதிரிகளில் உருவாகும் கணினி: ஒரு மதிப்பீடு

உதிரிப் பாகங்களை வாங்கிக் கணினியைத் தாமே பொருத்திக்கொள்ளும் வழக்கம், 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியின் தொழில்நுட்ப விவரங்களை வெளிப்படையாக வெளியிட்டதில் வேர்கொண்டு, 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரநிலையால் உறுதிப்பட்டது. மதர்போர்டின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின் இணைப்பு ஆகியவற்றை வரையறுக்கும் இத்தரநிலை இருப்பதாலேயே, சென்னை ரிச்சி தெருவின் வெவ்வேறு கடைகளில் வாங்கும் பாகங்கள் ஒரே கேபினெட்டுக்குள் பொருந்துகின்றன.

இவ்வழக்கத்தின் சிறப்பாகப் பலரும் கூறுவது விலைக் குறைவு; ஆனால் பாகங்களையும் விண்டோஸ் உரிமத்தையும் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கணினி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சலுகை தனிநபருக்குக் கிடைப்பதில்லை என்பதால், உரிமத்தையும் முறையாக வாங்குவோருக்கு அந்த மிச்சம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. உண்மையான சிறப்பு, தேர்விலும் பழுதுபார்ப்பதிலும் கிடைக்கும் உரிமையே ஆகும். இரண்டு ராம்களை ஒருசேரக் கையாளும் இரட்டைத் தட வசதி மதர்போர்டில் இருந்தும், நிறுவனங்களே பொருத்தி ஒரே ஒரு ராமுடன் விற்கும் ஆயத்தக் கணினிகள் உண்டு. மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனி வடிவில் அமைக்கும் நிறுவனங்களும் உள்ளதால், அது பழுதானால் கடையில் கிடைக்கும் மாற்று பொருந்தாமல் போகிறது.

அதே எஸ்எம்பிஎஸ்தான் தாமே பொருத்துவோரின் பலவீனத்தையும் காட்டுகிறது. ப்ராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தாராளமாகச் செலவிட்டு, கேபினெட்டுடன் சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸோடு நிறைவடைவோர் பலர். மிகைமின்னழுத்தத் தடுப்பு இல்லாத அத்தகைய கருவி பழுதாகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். மேலும், பாகத்துக்குப் பாகம் வாரண்டி வேறுபடுவதால், பழுது எதில் என்று கண்டறியும் பொறுப்பு உரிமையாளரையே சேர்கிறது. கணினி திடீரென்று அணைந்து மீண்டும் இயங்கினால், காரணம் ராமா, எஸ்எம்பிஎஸ்ஸா, சரியாகப் பூசப்படாத தெர்மல் பேஸ்ட்டா என்பதை அறிய, மாற்றிப் பார்ப்பதற்கு நல்ல பாகங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே, தாமே பொருத்துவது, ஆயத்தக் கணினியை வாங்குவது ஆகிய இரண்டில் எது மேல் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது வாங்கும் நாளின் விலையன்று. பழுதாகும் நாளில் பொறுப்பேற்பவர் யார் என்பதே. பழுதுபார்க்க ஆளில்லாத பள்ளிக்கும் அலுவலகத்துக்கும், நேரில் வந்து சரிசெய்யும் சேவையுடன் கூடிய ஆயத்தக் கணினியே தகும்; கற்றுக்கொள்ளும் பொறுமையும், ஒரே கணினியைப் படிப்படியாக மேம்படுத்தி நெடுங்காலம் பயன்படுத்தும் நோக்கமும் உடையவருக்குத் தாமே பொருத்துவது தகும். எனினும், பழுதுபார்க்கும் உரிமை இவ்விரு சாராருக்கும் பொதுவானது. ஆயத்தக் கணினிகளும் பொதுத் தரநிலைப்படியே உருவாக்கப்பட வேண்டும் என்று வாங்குவோர் வற்புறுத்துவது முற்றிலும் நியாயமானது.